என் பீடியும் எங்கள் குப்பத்துத் தீயும்

எங்கள் குப்பத்தைக் கொளுத்தியது என் பீடிதான் என்று ஒரு பகல் முழுக்க நம்பியிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னைக் கட்டுமரத்தோடு சேர்த்துக் கட்டிக் கடலுக்கு அனுப்பியிருப்பார்கள்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு கோடை. எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டி, தெற்கு வடக்காக ஒரே வரிசையில் ஓலைக் குடிசைகள். நடுவில் என்னுடையது. கடலுக்குப் போய்த் திரும்பி, சாப்பிட்டு முடித்து, வீட்டின் வடக்குப் பக்கம் நின்று பீடி பிடித்தேன். பீடித் துண்டை மணலில் வீசிவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன். கண் அசருவதற்குள் "நெருப்பு, நெருப்பு" என்று கூச்சல்.

வெளியே வந்தால் தெற்குக் கோடி எரிந்துகொண்டிருந்தது. ஊரே தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது பீடித் துண்டைத் தேடி ஓடியவன் நான். துண்டு கிடைக்கவில்லை. சரி, அதுவேதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மனைவியின் அண்ணன் மூச்சிரைக்க வந்தான்.

"மச்சான், ஒவ்வொரு வூடா தாவிகினு வருது. நடுவுல ஒரு வூட்டப் பிரிச்சிப் போட்டாத்தான் நிக்கும்."

"யாரு வூட்ட?" என்று கேட்டேன். அவன் என் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். போன வாரம்தான் புது ஓலை வேய்ந்திருந்தேன்.

என் மனைவி அரிவாளைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். "இன்னாய்யா மசமசன்னு நிக்கிற? குப்பத்து வலையெல்லாம் வடக்கால வூட்லதான் கீது. அது போச்சுன்னா எல்லாரும் இன்னாத்த வச்சிப் பொழைக்கிறது? ஏறு."

ஏறினேன். கட்டுகளை அறுத்தேன். மச்சான் கழிகளை இழுத்துச் சாய்த்தான். பெண்கள் ஓலையை அலைப்பக்கம் இழுத்துப் போட்டார்கள். மற்றவர்கள் கட்டுமரத்துப் பாய்களைக் கடலில் முக்கி வடக்குக் கூரைகளில் விரித்தார்கள். அனல் முதுகைச் சுட்டது. "எறங்குடா, சாவாத" என்று கீழே கத்தினார்கள். கடைசி ஓலையையும் தள்ளிவிட்டுத்தான் குதித்தேன். வீரன் என்று தோளைத் தட்டினார்கள். திருடனின் சுறுசுறுப்பு அது என்று எனக்கல்லவா தெரியும்!

சாயங்காலம், கூரையில்லாத வீட்டுக்குள் உட்கார்ந்து மனைவியிடம் மட்டும் பீடி விஷயத்தைச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"காத்து எங்கேர்ந்து அடிச்சிது?"

"தெற்கேர்ந்து."

"பீடிய எங்க போட்ட?"

"வடக்கால."

"அப்போ காத்த எதுத்துகினு ஒன் பீடி அம்மாந்தூரம் நடந்து போச்சா? இத வேற வெளிய சொல்லாத. பாய் கட்டி மரம் ஓட்றவன்னு எவனும் ஒன்ன நம்ப மாட்டான்."

தெற்குக் கோடியில் தோணிக்குத் தார் காய்ச்சிய அடுப்பிலிருந்து பறந்த பொறிதான் தீக்குக் காரணம். தெற்குப் பக்கம் முழுவதும் எரிந்துபோனது. என் வீடு இருந்த இடத்தோடு தீ நின்றது. வடக்கே ஒரு வலைகூடக் கருகவில்லை.