பின்பக்கத்தில் மூன்று விரல்கள்

எந்த விளம்பர போர்டு வந்தாலும் அம்மா அதைத் திருப்பித்தான் முதலில் பார்ப்பாள். சோப்பா, டயரா, தீப்பெட்டியா என்பதெல்லாம் பிறகு. பழைய இரும்புக் கடையின் பின்னறையில் ஒரு மர ஸ்டூல், ஒரு ஈரத்துணி, ஒரு பூதக்கண்ணாடி. எனாமல் போர்டு வாங்கி விற்கிறவர்கள் வயதும் விலையும் கேட்டு அங்கேதான் வருவார்கள். அவள் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை யாரும் பேச மாட்டார்கள்.

எனாமல் என்பது பெயின்ட் இல்லை. இரும்புத் தகட்டின்மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடி. ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக உலைக்குப் போய் வரும். அதனால் எழுத்தின் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் படியில் தடுக்குவதுபோல் தடுக்கும். அச்சடித்த போலியில் நகம் வழுக்கிக்கொண்டு போய்விடும். அம்மா எழுத்து எழுத்தாக ஓட்டிப் பார்ப்பாள்.

ஒருமுறை ஒருவர் போர்டைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். எங்கள் தாத்தா கடையில் தொங்கியது என்றார்.

"ஆணி ஓட்டையச் சுத்தி வட்டமா துரு பிடிச்சிருக்கே," என்றாள் அம்மா. "மழைத் தண்ணி கீழ்ப்பக்கமாத்தான வழியும்? உங்க தாத்தா கடையில மட்டும் சுத்திச் சுத்தி வழிஞ்சுதா?"

"ரொம்பப் பழசும்மா அது."

"துணி பழசு. ஒத்துக்கிறேன். தாத்தாகிட்ட சொல்லுங்க, அடுத்த தடவ ஆசிட்ட ஓட்டைக்குக் கீழ மட்டும் ஊத்தச் சொல்லி."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பின்பக்கத்தை அவள் துருவுக்காகப் பார்க்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அவள் தேடியது அப்பாவை.

அப்பா ஒரு எனாமல் பட்டறையில் முதல் பூச்சு போடுகிறவராக இருந்தார். தகட்டைக் கரிய எனாமல் குழம்பில் முக்கி எடுத்து, ஓரத்தைப் பிடித்துக் காயவைக்கும் சட்டத்தில் நிறுத்த வேண்டும். பிடித்த இடத்தில் மூன்று விரல்தடம் விழும். முகப்பில் விழுந்தால் அடுத்த பூச்சு மூடிவிடும். பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அப்படியே உலைக்கு அனுப்பிவிடுவார்கள். தடம் வெந்து நிலைத்துவிடும். வலதுகைக்காரர்களின் தடம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அப்பா இடதுகைக்காரர். அவர் தடம் மறுபக்கம் சாயும்.

"பட்டறையில நான் ஒருத்தன்தான் கோணக்கையன்னு பெருமையா சொல்லுவாரு," என்பாள் அம்மா. "இடது கையால தின்னு என் கையில இடிப்பாரு. உங்கப்பா பக்கத்துல உக்காந்து ஒரு நாளாவது நிம்மதியா தின்னிருப்பேனா?"

நான் நடக்கப் பழகும் முன்பே அப்பா காய்ச்சலில் போய்விட்டார். பட்டறையும் சில வருடங்களில் மூடப்பட்டது. வீட்டில் இருந்த ஒரே புகைப்படம் மார்போடு முடிந்துவிடும். "மூஞ்சி இருக்கு. கைதான் இல்ல," என்பாள்.

இரும்புக் கடையில் அவள் சேர்ந்தது தரம்பிரிக்கும் வேலைக்கு. குவியலில் போர்டு வந்தால் திருப்பிப் பார்த்தாள். எது அப்பா காலத்தது என்று தெரிய வேண்டியிருந்தது. அதற்காகக் கம்பெனிகள் முகவரி மாற்றிய வருடங்களைத் தெரிந்துகொண்டாள். டெலிபோன் எண்ணில் இலக்கம் கூடிய வருடத்தையும் தெரிந்துகொண்டாள். அவளுக்குத் தொழில் இப்படித்தான் வந்தது.

சைக்கிள் அண்ணன் என்று ஒரு வியாபாரி இருந்தார். போர்டுகளைக் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். அம்மா எதைத் தேடுகிறாள் என்று வெளியாட்களில் அவருக்கு மட்டும் தெரியும். நான் விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு குடைக் கம்பெனி போர்டைக் கொண்டுவந்தார். அம்மா திருப்பினாள். மூன்று விரல்கள். மறுபக்கம் சாய்ந்தவை.

அம்மா தன் விரல்களை அதன்மேல் வைத்தாள். எடுக்கவில்லை. பிறகு போர்டை முகப்புப் பக்கம் திருப்பி, கடைசி வரியை மட்டும் படித்தாள்.

"டெலிபோன் நம்பர் ஆறு இலக்கம்," என்றாள். "இது அவரு போனதுக்கு அடுத்த வருஷம் வந்தது. இது வேற ஆளு."

"யாரா இருந்தா என்னக்கா. நீங்களே வச்சுக்கங்க. யாரு கேக்கப் போறா?"

"ஊருக்கெல்லாம் வருஷம் சொல்றவ, எனக்கு மட்டும் தப்பா சொல்லிக்கவா? எடுத்துட்டுப் போங்க. பின்னால தடம் இருக்குறதால விலையக் கொறச்சே சொல்லுங்க."

வீட்டுக்கு நடக்கும்போது, நான் எதுவும் கேட்காமலே சொன்னாள்: "அது குட்டை விரலுடி. உங்கப்பா விரல் நல்லா நீளம்."

அம்மா போய் மூன்று மாதம் ஆகிறது. துக்கம் கேட்க வந்த சைக்கிள் அண்ணன் அந்தப் போர்டையும் கொண்டுவந்திருந்தார். "அக்கா சொன்ன விலைக்கும் போகல பாப்பா. உன்கிட்ட இருக்கட்டும்," என்றார்.

எண்ணெய் டாங்குகளின் பூச்சைச் சோதிப்பது என் வேலை. பூச்சின் தடிமனை அளக்கும் கருவி எப்போதும் பையில் இருக்கும். அவர் போனபின் போர்டைச் சாப்பாட்டு மேசையில் கிடத்தித் துடைத்தேன். எழுத்துகளில் நகத்தை ஓட்டினேன். எல்லாம் ஒரே உயரத்தில் தடுக்கின. டெலிபோன் எண்ணின் முதல் இலக்கத்தில் மட்டும் நகம் மாட்டி நின்றது. கருவியை வைத்துப் பார்த்தேன். மற்ற ஐந்தைவிட அது தடிமன். அதன் நீலமும் மற்ற எழுத்துகளைவிட ஒரு சாயல் கருமை.

எண் மாறியபோது கையில் மிஞ்சியிருந்த பழைய போர்டுகளைக் குடைக் கம்பெனி பட்டறைக்குத் திருப்பி அனுப்பி, ஒரு இலக்கத்தை மட்டும் மேலே சுட்டு வாங்கியிருக்கிறது. அந்த இலக்கத்துக்குத்தான் அம்மா சொன்ன வருடம். தகடு அதற்கு முந்தியது.

அன்று அம்மா எழுத்துகளில் நகத்தை ஓட்டவில்லை. அது அவராக இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டாள். அந்த ஆசைமேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை. எதிராக ஒரு எண் கிடைத்ததும் அங்கேயே நிறுத்திவிட்டாள்.

அப்பாதான் என்று நானும் சொல்ல முடியாது. அவர் போனதற்கும் எண் மாறியதற்கும் இடையில் வேறொரு இடதுகைக்காரர் வந்திருக்கலாம். என் அலுவலக அறிக்கையாக இருந்தால் "வாய்ப்பு அதிகம், உறுதி இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

என் விரல்களைத் தடத்தில் வைத்தேன். கண்ணாடி சில்லென்றிருந்தது. தடம் குட்டையா நீளமா என்று எனக்குத் தெரியவில்லை. எதனோடு ஒப்பிடுவது? அந்தக் கையைப் பிடித்திருந்தவள் ஒருத்திதான்.

போர்டு இன்னும் மேசையிலேயே கிடக்கிறது. ஓரமாகத் தட்டை வைத்துச் சாப்பிடுகிறேன். இன்னொரு தடவை பாரும்மா, அவசரப்படாமப் பாரு. அவளிடம் இதைத்தான் சொல்ல வேண்டும்.