கம்பியா, கண்ணுக்குத் தெரியாததா

தங்கச்சி ஆஷிகாவின் மகளுக்குத் துணையாகத்தான் முபீனா கே.கே. நகரில் இருந்த அந்தப் பல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பதிமூன்று வயசுப் பிள்ளை நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபடியே, கம்பிக்கு மேலே இந்தத் தடவை எந்தக் கலர் ரப்பர் போடலாம் என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தது. போன மாதம் பச்சை, இந்த மாதம் ஊதா. வளையல் வாங்குகிற சந்தோஷம் அதன் முகத்தில்.

வேலை முடிந்து கையுறையைக் கழற்றிய டாக்டர் சுபலட்சுமி, "நீங்க ஏன் எப்பவும் வாயை மூடிக்கிட்டே பேசுறீங்க?" என்று முபீனாவைக் கேட்டார்.

முபீனாவின் வலது கை உதட்டின் மேல் இருந்தது. அது அங்கேதான் இருக்கும். முப்பத்தேழு வயசில் அவளுக்கே அது தெரிவதில்லை.

"எனக்கெல்லாம் இனிமே எதுக்கு டாக்டர்?"

"அம்பது வயசுல வாரவங்களும் இருக்காங்க. உக்காருங்க."

பார்த்து முடித்ததும் டாக்டர் இரண்டு மாதிரிகளை மேஜையில் வைத்தார். ஒன்று, பிள்ளை போட்டிருப்பது போன்ற உலோகக் கம்பி. ஒட்டிவிட்டால் வைத்தியம் முடியும்வரை கழற்ற முடியாது. இன்னொன்று கண்ணாடி மாதிரி மெல்லிய உறை, அலைனர் என்று பெயர். சாப்பிடும்போதும் பல் விளக்கும்போதும் கழற்றிக்கொள்ளலாம். மற்ற நேரமெல்லாம் பல்லிலேயே இருக்க வேண்டும். எதிரே நின்று பேசுகிறவருக்குக்கூடச் சட்டென்று தெரியாது. அவள் பல்லுக்கு இரண்டுமே சரிவரும், ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று முபீனா எழுந்துவிட்டாள்.

இந்தக் கம்பியின் பேச்சு அவள் வாழ்க்கையில் முதலில் வந்ததும் பதிமூன்று வயசில்தான். பள்ளிக்கூடத்துக்கு வந்த பல் டாக்டர், தூக்கலாக இருந்த முன்பற்களைப் பார்த்துவிட்டு, கிளிப் போட்டால் சரியாகிவிடும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அத்தா உபைதுல்லா அந்தச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தெற்குவாசலில் செருப்புக்கடை, அப்போது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. வசதி இல்லாமல் இல்லை. ஆனால் அவர் அக்கா பக்ருன்னிசாவின் மகன் அல் அமீனுக்குத்தான் முபீனா என்று, அவள் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே பேச்சு.

"வாயில கம்பியோட அலைஞ்சா உங்க மாமி என்ன நினைப்பா? பொண்ணுக்குக் குறை இருக்குன்னு நாமளே நோட்டீஸ் அடிச்சு ஒட்டுன மாதிரி ஆயிரும்" என்றார்.

மாமி வீடு அடுத்த தெரு. நாள் தவறாமல் வந்து போகிறவள். அந்தப் பல் முளைத்த நாளிலிருந்து பார்க்கிறவள். ஊரே பார்க்கிற பல்லுக்கு வைத்தியம் செய்தால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்த மனுஷரை என்னதான் செய்வது! மகள் மேல் உள்ள பாசத்தில் செய்தார். அதனால்தான் அந்தக் காயம் ஆறவும் மாட்டேன் என்கிறது.

ஒன்பது வருஷம் கழித்து மாமி பழத்தட்டோடு பெண் கேட்டு வந்தாள். "மூத்தவளுக்கு என்ன, தங்கமான புள்ள. ஆனா எம் மகன் சின்னவளைத்தான் கேக்குறான்" என்றாள். ஆஷிகாவுக்கு மருதாணி வைத்துவிட்டது முபீனாதான். கல்யாணத்தில் வீடியோ எடுத்தவர் "சிரிங்கக்கா" என்றபோதுதான் கை முதல் தடவை வாய்க்கு ஏறியது. பிறகு இறங்கவே இல்லை. அதற்கப்புறம் வந்து பார்த்துவிட்டுப் போன வீடுகள் ஏழோ எட்டோ. சமோசாவைச் சாப்பிட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். அம்மா அந்தக் கவலையோடே மவுத்தாகிப் போய்ச் சேர்ந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் அத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கண்ணுக்குத் தெரியாததா? அதையே போட்டுரும்மா. அடுத்த மாசம் மேலூர்க்காரங்க வாராங்கல்ல."

மேலூர்க்காரர் மனைவியை இழந்தவர். அவர் வீட்டிலிருந்து இவளைப் பார்க்க வருவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"வைத்தியம் பாக்குறதே யாருக்கும் தெரிய வேணாம்மா" என்றார் அத்தா.

இருபத்து நாலு வருஷம் போயும் அதே பேச்சு. முபீனாவுக்குக் கோபம்கூட வரவில்லை. மேலூர்க்காரர் சம்பந்தம் அமைந்தால் நன்றாக இருக்கும் என்று அவளுக்கும் ஆசை இருந்தது. கம்பியைப் பார்த்து அவர்களும் எழுந்து போய்விட்டால்? தெரியாததையே போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்துகொண்டுதான் அன்று படுத்தாள்.

அவள் பசுமலையில் ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். முன்பல் விழுந்த பிள்ளைகள் ஓட்டையைக் காட்டி ஈயென்று சிரிக்கிற வகுப்பு. அந்த வாரம் 'எங்கள் மிஸ்' என்று படம் வரையச் சொல்லியிருந்தாள். இருபத்தெட்டுத் தாள் வந்தது. எல்லாவற்றிலும் முக்காடு, மூக்குக்கண்ணாடி, அதற்குக் கீழே ஐந்து விரல். ஒரு படத்தில்கூட அவளுக்கு வாய் இல்லை.

வகுப்பு கலைந்த பிறகும் அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெரியாததைப் போட்டாலும் பல் நேராகிவிடும், சரிதான். ஆனால் பல்லைக் கையால் மறைத்தது போதாதென்று இனி வைத்தியத்தையும் ஒளிக்க வேண்டும். ஒளித்து ஒளித்துத்தானே முகத்தில் பாதி காணாமல் போயிற்று. போனை எடுத்து, "கம்பியே போட்டுருங்க டாக்டர்" என்றாள்.

கம்பி ஒட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்த அன்று, அத்தா கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சலாம் சொல்ல வாயைத் திறந்ததுமே புரிந்துவிட்டது. பேப்பரை மடித்து வைத்தார்.

"மேலூர்க்காரங்ககிட்ட என்னம்மா சொல்றது?"

"பல்லுக்குக் கம்பி போட்டிருக்கான்னு சொல்லுங்க அத்தா. அதுக்கு மேல வாரவங்க வரட்டும்."

அவர் கட்டிலில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். பிறகு, "வலிக்குதாம்மா?" என்றார்.

முதல் நாள் கம்பி போட்டு வந்த பிள்ளையிடம் எந்த அத்தாவும் கேட்கிற கேள்விதான். இருபத்து நாலு வருஷம் பிந்தி வந்தது.

"வலிக்குது அத்தா. அப்ப இருந்தே வலிக்குது."

உபைதுல்லாவின் முகம் கோணியது. "நாந்தாம்மா... மாமியைப் பாத்தேன், உன்னயப் பாக்கல" என்றார்.

முபீனாவின் கை வழக்கம்போல வாய்க்கு ஏறியது. அவர் எட்டி அந்தக் கையைப் பிடித்து இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். மூடுவதற்குக் கை இல்லாமல் முபீனா அழுதாள். பல்லெல்லாம் தெரிய அழுதாள்.