ஸ்க்ரூவைக் கண்டால் நிற்காத கை

பசியாவரம் சம்பந்தத்துக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஸ்க்ரூவைக் கண்டால் மட்டும் கை நிற்காது. சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். பெண் பார்க்கப் போன இடத்தில், பேச வெட்கப்பட்டு, நாற்காலியின் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருந்தார். அவர் எழுந்ததும் அதில் உட்கார்ந்த வருங்கால மாமனார் அடுத்த நொடி தரையில் கிடந்தார். அப்படியும் வளர்மதியைக் கொடுத்தார்கள்.

அன்று அவருக்குப் பாடு. முகத்துவாரத்தில் வலை கட்ட, முறை வைத்துக் கிடைக்கும் நாள். மூன்று மணிக்குள் போகாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு. மறுபடி முறை வர இருபது நாள் ஆகும்.

மணி ஒன்றே முக்கால். படகு கரையிலேயே நின்றது. வழியில் மூன்று மணல்திட்டு; ஒவ்வொன்றிலும் மோட்டாரைப் பாதி தூக்கி, தாண்டியதும் இறக்க வேண்டும். பட்டனை அழுத்தினால் தானே எழும் மோட்டார், இன்று நாலு விரற்கடை எழுந்து, சொற்பொழிவு கேட்கிறவர் தலை மாதிரி மெல்லச் சாய்ந்தது.

“இன்னா மாமா, தூக்கம் வருதா அதுக்கு?” என்றான் மைத்துனன் மூர்த்தி.

“பேட்டரியா இருக்கும்.”

“பம்ப்புதான் கொய்ங்னு கத்துதே! பேட்டரி இல்லாமலா கத்தும்?”

எண்ணெய் மூடியைத் திறந்தார்கள். விளிம்பு வரை இருந்தது. சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்த வளர்மதி, குழாய்களைப் பழந்துணியால் துடைத்துப் பார்த்தாள், கசிவு இல்லை.

“கையால தூக்கிக்கினு, கழி போட்டுத் தள்ளிக்கினு போலாமா?” என்றான் மூர்த்தி.

“நாலு மணி ஆயிடும்டா.”

அப்போதுதான் சம்பந்தத்துக்கு உறைத்தது. மோட்டாரைக் கையால் தூக்க நேர்ந்தால் மட்டும் தளர்த்தச் சொல்லி, பக்கவாட்டு ஓட்டைக்குள் ஒரு ஸ்க்ரூவை மெக்கானிக் காட்டியிருந்தான். நேற்று மூர்த்தி, கட்டிக்கப் போகிறவளோடு ஒரு மணி நேரம் போன் பேசி முடிக்கிற வரைக்கும், அந்த ஓட்டைக்குப் பக்கத்தில்தான் இவர் சும்மா உட்கார்ந்திருந்தார். சும்மா என்றால், கையைத் தவிர.

“அங்க பாரு மூர்த்தி, பூநாரை!”

“பூநாரைய பாக்காதவனா நானு?” என்றாலும் திரும்பினான். வளர்மதி திரும்பவில்லை. அவள் பார்வை அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

வேறு வழியில்லை. அவள் கண்முன்னாலேயே ஸ்க்ரூ டிரைவரை ஓட்டைக்குள் விட்டு, வலப்பக்கமாக இறுக்கினார். பட்டனை அழுத்தினார். மோட்டார் கம்பீரமாக எழுந்து அப்படியே நின்றது.

“இவன் போன் பேசுனதுதான் காரணம்” என்றார்.

“போன் பேசுனா ஸ்க்ரூ கழலுமா?” என்று சீறினான் மூர்த்தி.

வளர்மதி கையை நீட்டினாள். “குடுய்யா அத. வலை கட்டிட்டு வந்து வாங்கிக்கோ.”

குழந்தையைப் பிரிவதுபோல் கொடுத்தார்.

மூன்று திட்டையும் தாண்டி முகத்துவாரம் சேர்ந்தபோது மூன்றடிக்க ஐந்து நிமிடம் பாக்கி இருந்தது. சம்பந்தத்தின் சட்டையில் இரண்டு பட்டன் இல்லை.