வலது சப்பாத்து

மகளின் பள்ளிச் சப்பாத்துக்கு வெள்ளை பூச உட்கார்ந்தால், அந்த ஈர வாசனையில் அக்கா வந்துவிடுகிறாள்.

போர்க்காலத்தில் பனிச்சங்கேணியில் விழுந்த செல் குண்டில் அவளுக்கு வலது கால் முழங்காலோடு போனது. மட்டக்களப்பில் மறுபடி பள்ளிக்குப் போனபோது, ஞாயிறுதோறும் இரண்டு சப்பாத்துக்கும் வெள்ளை பூசுவாள். வலதைப் பையில் கொண்டுபோய், மேசைக்குக் கீழே இடது காலோடு சேர்த்து வைப்பாள்.

"உக்காந்திருந்தா எனக்கும் ரெண்டு காலெண்டுதான் தெரியும்" என்பாள்.

ஒருநாள் என்னுடைய வலது சப்பாத்து கிழிந்துபோக, கேட்காமல் அவளது வலது சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடினேன். எனக்கும் அதே அளவு.

பின்னேரம் அவள் ஏசவில்லை. "நீயே போடு புள்ள. உனக்குத்தானே கால் இருக்கு."

அடுத்த ஞாயிறு ஒற்றைச் சப்பாத்துக்கு மட்டும் வெள்ளை பூசினாள்.

மகளின் இடது சப்பாத்து காய்ந்துவிட்டது. வலதை எடுக்க இன்னும் கை வரவில்லை.