அணில் பாடத்தில் இரண்டு வரிகள்

இன்று மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் வரும் பஸ்ஸில் நடந்தது.

புயலுக்குப் பின் முகாமில் இருக்கும் பிள்ளைகளுக்காக அணில், பாலைவனம் என்று இயற்கையைப் பற்றி ஒரு பாடம் எழுதியிருந்தேன். புரியுமா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. பக்கத்தில் இருந்த மீனவரிடம் படித்துக் காட்டலாமா என்று தயங்கிக் கேட்டேன்.

"படிங்கய்யா, எறங்க இன்னும் நேரம் கெடக்கு."

"சில அணில்கள் கொட்டைகளை மண்ணில் புதைத்துவைக்கும். பிறகு இடத்தை மறந்துவிடுவதும் உண்டு."

"நம்ம பயலுக மாதிரிதான்" என்று சிரித்தார்.

"சஹாரா மிகப் பெரிய பாலைவனம். அங்கே காற்றடித்தால் மணல்மேடுகள் இடம் மாறும்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"புயல்ல போன எம்மகள தனுஷ்கோடி மணல்லதான் புதைச்சேன். அடையாளத்துக்குத் துடுப்ப நட்டுவச்சேன். நேத்துப் போனா மேட்டையும் காணல, துடுப்பையும் காணல."

ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னார்: "அணிலு குடுத்துவச்சதுய்யா. அதுக்கு மறந்துருது."

பாடத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். இறங்கும்போது அவரே, "பாடம் நல்லாப் புரியுதுய்யா" என்றார்.

வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன். அணில் மறப்பது, மணல்மேடு இடம் மாறுவது: இரண்டு வரிகளும் உண்மை. புரியாமல் போகுமோ என்றுதான் இத்தனை காலம் பயந்தேன்.

நீங்களாக இருந்தால் எந்த வரியை அடிப்பீர்கள்?