மண்ணெண்ணெய் தொடாத போர்வை

"25.11.82 — மழை. நீளக்கை மெஷின் மூன்று முறை பிரிக்கப்பட்டது. மண்ணெண்ணெய் தொடவில்லை."

என் டைரியில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்கு லெட்டர் படித்துக் காட்டிய பிறகு, இந்த வாரப் பத்திக்காக அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். மழை பெய்ததை எழுதியிருக்கிறேன். வீட்டுக்குள் இடி இடித்ததை எழுதவில்லை. தேதி போட்டு எழுதுகிறவனின் லட்சணம் இதுதான்!

முதலில் மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வீட்டுத் தையல் மெஷினில், ஊசிக்கும் சக்கரத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கும்? ஒரு ரவிக்கையைச் சுருட்டி நுழைக்கலாம். என் மனைவி மல்லிகாவின் மெஷினில் ஒரு கன்றுக்குட்டி அந்தப் பக்கம் நுழைந்து இந்தப் பக்கம் வந்துவிடும். கை அவ்வளவு நீளம். என் மாமனார் படகுப் பாயும் தார்ப்பாயும் தைத்தவர். மகளுக்கு அண்டா, குத்துவிளக்கோடு இதையும் சீதனமாக ஏற்றி அனுப்பிவிட்டார். வாசல் நிலையைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுவந்தோம். "பொண்ணு குனிஞ்சு வந்துட்டா, மெஷின்தான் குனிய மாட்டேங்குது" என்று என் தாய்மாமன் சொன்னதற்குக் கல்யாண வீடே சிரித்தது.

அந்த மெஷினில் மல்லிகா இப்போது மெத்தைப் போர்வை தைக்கிறாள். கீழே ஒரு பழைய புடவை, மேலே ஒரு பழைய புடவை, நடுவில் பருத்திப் பஞ்சு. விரல் நீள இடைவெளியில் வரிசை வரிசையாகத் தையல்.

காரைக்காலில் மெத்தைப் போர்வையா? மார்கழியில்கூட விசிறி தேடுகிற ஊரில்?

நியாயமான கேள்வி. போர்வை இங்கே போர்த்திக்கொள்ள அல்ல. 'அங்கே' போவதற்கு. எங்கள் ஊரில் 'அங்கே' என்றால் பிரான்ஸ். பெயர் சொல்ல வேண்டியதில்லை. தெருவுக்கு நாலு வீட்டிலாவது ஒரு பிள்ளை அங்கே இருப்பான். சிலர் பட்டாளத்தில் — அவர்களைச் 'சொல்தா' என்போம் — சிலர் பட்டாளத்தை விட்டு அங்கேயே வேறு வேலையில். பனியைக் கண்ணால் பார்த்திராத அம்மாக்கள், கழுத்து வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்பார்கள்: "இப்ப அங்க குளிரு ஜாஸ்தியா தம்பி?" வியர்த்துக்கொண்டே குளிருக்குப் பயப்படுகிற ஊர் எங்களுடையது.

தைப்பது அவள். மெஷினைப் பராமரிப்பது நான். கல்யாணமான புதிதில் ஏற்பட்ட ஒப்பந்தம் — இன்றுவரை மீறப்படவில்லை.

ஒவ்வொரு போர்வை முடிந்ததும் ஊசியைக் கழற்றுவேன். ஊசித் தகட்டைத் திருகி எடுப்பேன். துணியைத் தள்ளிக்கொடுக்கும் பற்களுக்கு நடுவே பஞ்சு அடைந்திருக்கும். பழைய பிரஷ்ஷால் தட்டி எடுப்பேன். பாபினைக் கழற்றி, அது உட்காரும் குழியில் கோழி இறகை விட்டுத் துழாவுவேன். பிரஷ் போகாத மூலைக்கெல்லாம் இறகு போகும். பிறகு எண்ணெய்த் துளைகளில் துளைக்கு ஒரு சொட்டு. நூல் கோக்காமல் கொஞ்ச நேரம் வெறுமனே மிதிப்பேன். கடைசியாக ஒரு கந்தலைக் கொடுத்து, எண்ணெய்க் கறை படியாமல் வரும்வரை தைப்பேன். கடல் காற்று சும்மா இருக்காது. ஆகவே மழைக்காலத்தில் தினமும் ஒரு துடைப்பு. ஆயுத பூஜைக்கு மறுநாள் மட்டும் கூடுதல் வேலை. மல்லிகா பக்தியோடு வைத்த குங்குமம் எண்ணெய்த் துளைக்குள் இறங்கியிருக்கும். சரஸ்வதி மன்னிப்பாள்... மெஷின் மன்னிக்காது.

எதற்கும் அசையாத பிசுக்கு என்றால் மண்ணெண்ணெய். ஒரு துணியில் நனைத்து வைத்தால் போதும், எல்லாம் கரைந்துவிடும். என்ன, அடுத்த இரண்டு போர்வைக்கு அந்த வாடை இருக்கும். யார் கண்டுகொள்ளப்போகிறார்கள்?

பிசுக்கே வராமலிருக்க ஒரு வழி இருக்கிறது. சுவரில் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன்: 'துவைத்து வெயிலில் உலர்த்திய துணி மட்டுமே தைக்கப்படும்.' கட்டிய புடவையில் தலை எண்ணெய் இருக்கும், மஞ்சள் இருக்கும், அடுப்புப் புகை இருக்கும். அதெல்லாம் பஞ்சோடு சேர்ந்து உள்ளே களியாகிவிடும். மெஷின் தையலைத் தாண்டித் தாண்டிப் போடும்; பிறகு நின்றேவிடும்.

நவம்பர் மழையில் குரும்பகரத்திலிருந்து தனபாக்கியம் அக்கா வந்தார். சொந்தமாக வயல், நாற்று நடுகிற நாளில் தானும் இறங்கி நடுகிறவர். ஒரே மகன் செல்வராசு, சொல்தாவாகப் போனவன். அப்பா இறந்தபோது ஒரு முறை வந்தான் — 1977. அதற்குப் பிறகு லெட்டர்தான் வருகிறது.

குடையை வெளியே சாய்த்துவிட்டு, மஞ்சள் பையிலிருந்து இரண்டு நூல் புடவைகளை எடுத்து வைத்தார். மல்லிகா ஒன்றை எடுத்து விரித்தாள். மூக்கைச் சுருக்கினாள்.

"அக்கா, இது தொவைச்சதா?"

"தொவைச்சதுதான்."

"எப்ப?"

அக்கா மழையைப் பார்த்தார். "போன அறுப்புக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. மல்லிகா சிரிக்கவில்லை.

"ஏங்க்கா, குரும்பகரத்துல கொளமெல்லாம் வத்திப்போச்சா?"

"போடி இவளே! கொளம் ரொம்பித்தான் கெடக்கு. நானா வேணும்னு இப்புடி எடுத்தாந்தேன்? அந்தப் பயதான்..." அக்கா இடுப்பிலிருந்து ஒரு ஏர்மெயில் கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "படி தம்பி. நீயே படி. எனக்குச் சொல்றதுக்கு வெக்கமா இருக்கு."

படித்தேன். 'அம்மா, போர்வை தைத்து அனுப்பு. நீ கட்டிய புடவையில் தை. துவைக்காதே. நெல் அவிக்கிற அன்றைக்குக் கட்டுவாயே, அந்தப் புடவை. இங்கே எல்லாம் சோப்பு வாசனைதான் அம்மா.'

கடிதத்தை மடித்து அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க?" என்றார் அக்கா. "அழுக்குப் பொடவைய அயல்நாட்டுக்கு அனுப்பியிருக்கா பாருன்னு... ஆனா புள்ள கேட்டுட்டான்."

திங்கட்கிழமை எங்கள் தெரு கோவிந்தசாமி விடுமுறை முடிந்து அங்கே திரும்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்பினால் உண்டு. இல்லாவிட்டால் குளிர்காலம் போய்விடும்.

நான் சுவரிலிருந்த அட்டையைப் பார்த்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். "வந்துங்க்கா... மெஷினுக்கு..." என்று ஆரம்பித்ததும் மல்லிகா திரும்பினாள்.

"என்னங்க மெஷினுக்கு?"

"பிசுக்கு ஏறிடும். ஷட்டில் நின்னுபோனா பாதியில..."

"நின்னா நீங்க எதுக்கு இருக்கீங்க?"

"ரூலுன்னு ஒண்ணு—"

"ரூலுக்கு மவன் அங்க இருக்கானா? அக்காவுக்கு இருக்கான்."

இடி இடித்தது என்று சொன்னேனே, அதன் ஒரு பகுதி இது. மீதியை எழுதினால் இந்த வாரச் சாப்பாடு எனக்கு வெளியில்தான்.

அன்றே தைக்க உட்கார்ந்தாள். அக்காவும் போகவில்லை, மெஷினுக்கு எதிரே பலகை போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாறு வரிசை ஒழுங்காக ஓடியது. அதற்குப் பிறகு, நான் சொன்னபடியே, தையல் தாண்ட ஆரம்பித்தது. (நான் சொன்னபடியே என்பதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அனுபவம்!) மெல்ல மிதி கனத்தது. நின்றது.

தகட்டைக் கழற்றினேன். உள்ளே பார்த்தால் எதிர்பார்த்த களிதான். கரும்பழுப்பு நிறத்தில், விரலில் ஒட்டிக்கொண்டு. பழக்கதோஷம் — கை தானாக மண்ணெண்ணெய்ப் பாட்டிலுக்குப் போனது.

"ஏங்க! அதத் தொடாதீங்க!"

மல்லிகா போட்ட சத்தத்தில் அக்கா எழுந்தே நின்றுவிட்டார்.

"ஒரு சொட்டுப் பட்டாப் போச்சு. அந்தப் புள்ள போர்வையப் பிரிச்சதும் ஸ்டவ் வாடையா அடிக்கணும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மெஷினைக் காப்பாற்றுகிற மருந்து, போர்வையைக் கொன்றுவிடும். நாங்கள் அனுப்பப்போவது பஞ்சையும் துணியையுமா? ஒரு வாசனையை. அது கெட்டுப்போனால், அந்தக் குளிருக்கு அங்கே கடையில் விற்கும் கம்பளியே போதுமே!

ஆகவே வறட்டுச் சுத்தம். மூங்கில் குச்சியைச் சீவி, பல் பல்லாகச் சுரண்டினேன். இறகை விட்டு எடுத்தேன். இறகுதான் பிசுக்கில் ஒட்டிக்கொண்டது; பிசுக்கு நகரவில்லை. கொதிநீரில் துணியை முக்கிப் பிழிந்து, அந்தச் சூட்டில் ஒற்றி ஒற்றி எடுத்தேன். உடனே ஈரம் போகத் துடைத்தேன். எண்ணெயும் வழக்கமான அளவில் இல்லை. ஊசி முனையில் தொட்டு வைத்ததுதான். கந்தலில் கறை படிவது நின்ற பிறகும் இன்னொரு கந்தலில் ஓட்டினேன். மல்லிகா அதை மோந்து பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் போர்வை மறுபடி மெஷின் ஏறியது.

மறுபடி நின்றது. மறுபடி குச்சி, இறகு, கொதிநீர். இன்னொரு தடவையும்.

மூன்றாவது முறை நான் சுரண்டி எடுத்ததை ஒரு காகிதத்தில் வழித்துப் போட்டேன். அக்கா குனிந்து பார்த்தார்.

"என்னா தம்பி அது?"

"ஒங்க பொடவையிலேருந்து வந்த அழுக்குங்க்கா."

"அழுக்கா? நெல்லு அவிச்ச பொகை, மாட்டுக்கொட்டா, வெத்தலை..." ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனவர் நிறுத்திவிட்டார். பிறகு, "அதுலயும் கொஞ்சம் போயிடுச்சே தம்பி," என்றார்.

காகிதத்தை மடித்து ஓரமாக வைத்தேன். இத்தனை வருடத்தில் மெஷினிலிருந்து எடுத்த எதையும் நான் குப்பை என்று நினைக்கத் தயங்கியதில்லை. அன்று தயங்கினேன்.

பொழுது சாய்வதற்குள் போர்வை முடிந்தது. அக்கா அதை முகத்தில் வைத்துப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலியே..." என்றார், கலவரத்தோடு. "எங்க வாசனை எங்களுக்கு எப்புடித் தெரியும்? நீ பாரு மல்லிகா."

மல்லிகா மோந்து பார்த்தாள். "அடுப்படியில நிக்கிற மாதிரி இருக்குங்க்கா" என்றாள். அக்காவின் முகம் தெளிந்தது. பஸ்ஸுக்குப் போனார். பழைய வேட்டியில் சுற்றிக் கட்டி, நானே கோவிந்தசாமி வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் சத்தமில்லை. பொங்கல் வந்து போனது. அக்கா சந்தைக்கு வரும்போதெல்லாம் எங்கள் வாசலில் நின்று, "வந்துச்சா?" என்பார். லெட்டர் அவர் வீட்டுக்குத்தானே வரும்? எங்களைக் கேட்டால் எங்களுக்கென்ன தெரியும்? ஆனாலும் கேட்பார். மல்லிகாவும், "வந்துடுங்க்கா" என்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை லெட்டரோடு வந்துவிட்டார். படித்துக் காட்டினேன்.

'அம்மா, போர்வை வந்தது. கட்டைப் பிரித்ததும் அறை முழுக்க நம் ஊர் வாசனை. பக்கத்து அறைக்காரன் கதவைத் தட்டி என்னவென்று கேட்டான். என்னோடு இருப்பவர்கள் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். நான் மூடினேன். அவர்கள் திறந்தார்கள். நான் போர்வைக்குள் போய்விட்டேன்.'

அக்கா குலுங்கிச் சிரித்தார். "பாத்தியாடி மல்லிகா, எம் பொகை அவ்ளோ தூரம் போயி கதவத் தட்டியிருக்கு!"

"இன்னொருக்கா படி தம்பி" என்றார். படித்தேன். மூன்றாம் முறை படித்து முடித்ததும், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "வர்றதப் பத்தி ஏதாச்சும்...?"

பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். இல்லையென்று தெரிந்துகொண்டேதான் திருப்பினேன்.

மல்லிகா முந்திக்கொண்டாள். "அடுத்த குளிருக்கு இன்னும் கனமா ஒண்ணு தைச்சுடலாங்க்கா. இப்பவே ஒரு பொடவைய எடுத்து வைங்க."

"அடுத்த குளிருக்குள்ள அவனே வந்துட்டான்னா போர்வை எதுக்குடி?" என்றார் அக்கா. லெட்டரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, "எதுக்கும் எடுத்து வைக்கிறேன்" என்றார்.

அக்காவிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். நான் பார்சலைக் கொடுக்கப் போன அன்று கோவிந்தசாமி வீட்டில் இரண்டு பைகள் திறந்திருந்தன. ஒன்றில் துணிமணி. இன்னொன்றில் கிளிஞ்சல்மேட்டிலிருந்து வாங்கி வந்த வாளைக் கருவாடு. "அங்க வச்சிட்டுப் போங்க சார், நான் அடுக்கிக்கிறேன்" என்றார் கோவிந்தசாமி. வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நெல் அவித்த புகைக்குப் பக்கத்து அறைக்காரன் கதவைத் தட்டுவானா?

"கோவிந்தசாமிக்கு ஒரு லெட்டர் போட்டுக் கேட்டா..." என்று இழுத்தேன்.

"போட்டுத்தான் பாருங்களேன்" என்றாள் மல்லிகா.

போடவில்லை. போர்வை எந்தப் பையில் போனது என்பது, இந்தப் பத்தி அச்சுக்குப் போகும்வரை சரிபார்க்கப்படாத தகவல்.