சங்கு ஊதிய நேரத்துப் பாட்டு

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் வேலை பார்க்கும் இருதயமேரிக்கு நெருப்பைக் கண்டு பயமில்லை, மைக்கைக் கண்டால்தான் பயம். போன வருஷம் குவார்ட்டர்ஸ் மைதானத்துக் கச்சேரியில் அவள் பாடத் தொடங்கியதும் பாதிக் கூட்டம் டீ குடிக்க எழுந்து போய்விட்டது. இந்த வருஷமும் எழுந்தால் இனி மேடையே ஏறமாட்டேன் என்று மாதாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"அக்கா, உங்க கை நடுங்குறதப் பாத்தா தபேலாக்காரரே வேணாம் போலிருக்கே!" என்றான் கீபோர்டு வாசிக்கும் ஜெய்சங்கர்.

"சும்மா இருடா, சுருதியக் குடு."

கண்ணை மூடிக்கொண்டு பல்லவியை முடித்தாள். சரணம் எடுக்கும்போது ஒர்க்‌ஷாப்பில் ஷிஃப்ட் சங்கு ஊதியது. கண்ணைத் திறந்தால் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. போச்சு, எல்லாம் போச்சு.

அப்புறம்தான் கவனித்தாள். எல்லார் கையும் இல்லாத டிபன் பையைத் தேடிக்கொண்டிருந்தது. சங்கு ஊதினால் கால் தானாகக் கிளம்பும். இத்தனை வருஷப் பழக்கம். அவளே மைக்கை வைத்துவிட்டு மேடைப் படிக்கு வந்திருந்தாள்!

"மேரியம்மா, எங்க கிளம்பிட்டீங்க? இன்னிக்கு உங்களுக்கு ஓவர்டைம்!" என்று முன்வரிசையிலிருந்து கத்தினார் ஃபோர்மேன் சுப்புராமன். சிரித்துக்கொண்டே எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

அடுத்த சங்குக்கு இன்னும் எட்டு மணி நேரம் இருக்கிறது என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டு, மேரி மைக்குக்குத் திரும்பி வந்து சரணத்தை எடுத்தாள்.